புதன்கிழமை அவன் நின்ற இடம்

1967 ஆகஸ்ட் 9, புதன்

மாதா திருநாளுக்குச் சட்டை அளவு கொடுத்தாயிற்று. திருநாள் நெருங்கிவிட்டது, நான் இப்போதுதான் துணியே வாங்கியிருக்கிறேன். சோம்பேறி என்று ஊர் சொல்வதற்கு முன் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இவர் கிரான் கிராமத்துக்குப் போய்விட்டார். சங்கக் கடை திறப்பு விழாவாம், மில்லுக்காரர் கனகசிங்கத்தின் காரில் பயணம், இரவு அங்கேயே தங்கல். மாலை போடுகிறோம் என்று யாராவது கயிற்றை நீட்டினாலும் எங்கள் வட்டாரத்து மெம்பர் ஆரத்தூன் ஐயா கழுத்தை நீட்டிவிடுவார்.

ஜெயராஜா பொழுதுபடும்போது வந்தான். விளக்குப் போட்ட பிறகும் நெடுநேரம் நின்றான். இந்தப் புளியந்தீவில் பெண்களுக்கு அளவு நாடா பிடிக்கிற தையற்காரன் இவன் ஒருவன்தான். மற்றத் தையற்காரருக்கெல்லாம் பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்தனுப்புவதுதான் முறை. இவன் மட்டும் அறைக்குள் வருவான், பக்கத்து வீட்டுப் பீற்றிஸிடமும் அப்படித்தான், கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி வீட்டிலும் அப்படித்தான். எந்தப் புருசனும் முகம் கோணுவதில்லை. ஏனென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் விடுவதில்லை. அவன் ஆம்பிளைக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

"அம்மா, போன வருசத்தைவிட இடுப்பு கூடியிருக்கு."

"உன்ட நாடா சுருங்கிப்போச்சு."

"ஓம், சுருங்கித்தான் இருக்கும். பீற்றிஸ் அக்காவுக்கும் சுருங்கினதுதான்" என்றான், சிரிக்காமல். நான்தான் சிரித்தேன். மாதாவின் புது அங்கியும் முடிந்துவிட்டதாம், சரிகைக் கரை மட்டும் பாக்கி. வருசா வருசம் அதைச் சும்மாதான் தைத்துக் கொடுக்கிறான்.

ஆகஸ்ட் 10

பீற்றிஸ் வேலியால் புகுந்து ஓடி வந்தாள். "ஜெயராஜாவைப் பொலிஸ் புடிச்சிட்டுப் போறாங்க கா! கடையில வச்சு. கழுத்தில நாடாவும் கிடக்கு!"

என்னத்துக்கு என்று கேட்டேன். காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கும் கிளாக்கர் ஒருவன் கல்லடிப் பாலத்தடியில் இன்னொரு ஆணோடு பிடிபட்டானாம். மற்றவன் இருட்டில் ஓடிவிட்டான். யார் என்று கிளாக்கரைப் போட்டு உலுப்பியிருக்கிறார்கள். ஜெயராஜா என்றிருக்கிறான். எல்லோரும் உடனே நம்பக்கூடிய பெயர் ஊரில் அது ஒன்றுதானே. கிளாக்கரின் மாமன் பெரிய இடம், பையன் இனிச் சாட்சிக்காரன். பிரதிவாதி தையற்காரன்.

"எப்ப நடந்தது?"

"நேத்துத்தான். புதன்கிழமை. விளக்கு வச்ச நேரம்."

நேற்று விளக்கு வைத்த நேரம் அவன் என் அறையில் முழங்காலில் நின்று பாவாடைக்கு உயரம் பிடித்துக்கொண்டிருந்தான்.

வாய் வரைக்கும் வந்தது. பீற்றிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் "மாதாவே, என்ன காலமிது" என்று சொல்லி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன்.

ஆகஸ்ட் 11

இவர் வந்ததும் வராததுமாக ஜெயராஜாவுக்குப் பிணைக்கு நிற்க ஓடிவிட்டார். சாப்பாடும் இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால்? புருசன் கிரானில், பொழுதுபட்ட நேரம், அறைக்குள் ஒரு தையற்காரன், கையில் நாடா. அவன் ஆம்பிளை என்றால் என் மானம் போயிற்று. ஆம்பிளை இல்லையென்றால், "அம்மாவுக்கு அவனைப் பற்றி முன்னமே தெரியுமோ?" என்று கேட்பான் அந்த இன்ஸ்பெக்டர். எப்படிப் பதில் சொன்னாலும் அசிங்கம் என் தலையில்தான் வந்து விழும். மார்கழி போனால் தேர்தல் வேறு. நான் மெம்பரின் பெண்சாதி. தையற்காரனுக்குத் தாய் இருக்கிறாள், தேவமாதா இருக்கிறா. எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 13

விடுமுறையை அரசாங்கம் பௌத்தரின் போயா நாளுக்கு மாற்றியதிலிருந்து ஞாயிறு வேலைநாள், விடியற்காலைப் பூசைதான். பூசை முடிய எங்கள் மாதா சபைப் பெண்கள் கூடினோம். அவன் கடையிலிருந்து எடுத்துவந்த மாதாவின் அங்கியை என்ன செய்வது? எரிக்க வேண்டும் என்றாள் பிறக்கிராசியின் பெண்சாதி. போன மாதம்தான் அவளுக்கு மூன்று சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறான். அவற்றை எரிக்கிற யோசனை அவளுக்கு வரவில்லை.

தலைவி நான். எரித்தால் வாசம் ஊரெல்லாம் போகும், பிரித்துப்போடலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். நல்ல சாட்டின், நீலம். நானும் பீற்றிஸும் உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். கண்ணுக்கே தெரியாத தையல், பிளேட் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 15

மாதா போன வருசத்து அங்கியில் ஊர்வலம் போனா. நான் பழைய சட்டையில் போனேன். கைக்கடியில் இறுக்கியது, வழி முழுக்க எரிச்சல்.

ஆகஸ்ட் 29

இன்று மெம்பர்மாரின் சபைக் கூட்டம். வேலிக்கு வேலி அதே கதை. எனக்குப் பீற்றிஸ் சொல்லித்தான் தெரியவேண்டியிருக்கிறது, பிறகு இவரே வந்து சொன்னார், பெரிய வெற்றி கண்டவர் போல.

குளத்துக் கட்டும் தெருவிளக்கும் பேசவேண்டிய இடத்தில் இந்த மனிதன் எழும்பி, "போன மாசம் இங்கிலாந்துக்காரன் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிஞ்சிட்டான். அவன் இஞ்ச விட்டுட்டுப் போன சட்டத்தை நாங்க மட்டும் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறம். வளந்த ரெண்டு மனிசர் விரும்பிச் சேந்தா அதில பொலிசுக்கு என்ன வேலை? இந்தச் சபை அரசாங்கத்துக்கு ஒரு தீர்மானம் அனுப்பவேணும்" என்றாராம்.

சபை சிரித்திருக்கிறது. ஒருவன் கேட்டானாம், "ஐயாவுக்கும் அந்தப் பழக்கமோ?"

"இருந்தா? மூண்டு தரம் எனக்குப் போட்ட வோட்டைத் திருப்பி எடுப்பீங்களா?"

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றதாம். நிற்காமல் என்ன செய்யும். தீர்மானத்தை வழிமொழிய ஒரு நாய் இல்லை.

நான் கேட்டேன், ஏன் உங்களுக்கு இந்த வேலை, உங்கட ஆக்களா அவங்க? இவர் மண்டபத்துச் சுவரில் தொங்கும் மலைப்படத்தைப் பார்த்தார். ஆர்மேனியாவில் இருக்கிறதாம் அந்த மலை, இல்லை, இப்போது துருக்கிக்காரனிடமாம். இவரும் கண்டதில்லை, இவர் தகப்பனும் கண்டதில்லை. பாட்டன் சென்னைப்பட்டினத்திலிருந்து கப்பலில் துணி கொண்டுவந்து இங்கே இறக்கி, ஒரு பறங்கிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர். அந்த மலைக்குத் தூசு தட்டுவது மட்டும் என் வேலை.

"துருக்கிக்காரங்க எங்கட ஆர்மேனியச் சனத்தைக் கொல்ல முந்தி அவங்களப் பத்திப் பகிடிதான் விட்டாங்க, மக்டலின். பகிடிதானே எண்டு ஒருத்தரும் வாய் தொறக்கல்ல."

பெரிய பேச்சு. மட்டக்களப்பில் யாரைக் கண்டாலும் முதற்கேள்வி "நீங்க என்ன குடி?" என்பதுதான். தாய்வழியாக வரும் அந்தக் குடி இவருக்கில்லை, சாதியில்லை, சித்தப்பன் பெரியப்பன் இல்லை. அதனால்தான் வட்டாரத்தில் இந்தக் குடிக்கும் அந்தக் குடிக்கும் சண்டை வந்தபோது, ஒருவருக்கும் சொந்தமில்லாத ஆர்மேனியா ஐயாவை மெம்பராக்கினார்கள். ஒருவருக்கும் சொந்தமில்லாதவனை விழுத்தினாலும் ஒருவருக்கும் நோகாது என்பது இந்த மனிதனுக்கு எப்போது விளங்கப்போகிறது?

செப்டம்பர் 6

கேற்றில் மாட்டுச் சாணி. நானேதான் கழுவினேன்.

செப்டம்பர் 14

பிறக்கிராசி பஸ்தியாம்பிள்ளை வந்தார், இவர் இல்லாத நேரமாகப் பார்த்து. ஜெயராஜாவுக்காக வழக்குப் பேச அவரை அமர்த்தியதே இவர்தான். இவருடைய தேர்தல் கொமிற்றிக்கும் அவரே தலைவர். கதிரை நுனியில் இருந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"அம்மா, அவன் ஒரு கதை சொல்றான். புதன்கிழமை பொழுதுபட உங்கட வீட்டில நிண்டானாம். சட்டை அளவுக்கு."

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

யோசிக்கவே இல்லை. எங்கிருந்தோ வந்து வாயில் ஏறிக்கொண்டது.

"செவ்வாயா?"

"செவ்வாய்தான். பகல்ல. மண்டபத்தில. பழைய சட்டையத்தான் குடுத்தன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும் வரை மறக்கமாட்டேன். "நானும் அப்பிடித்தான் நினைச்சன். அவனிட்டச் சொல்லிப்போட்டன், பெரிய வீட்டு மனிசரை இதுக்குள்ள இழுத்தா ஆரத்தூன் ஐயா பிணையில இருந்து இறங்கிடுவார், மறுகா உனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு. அவன் இனி வாய் தொறக்க மாட்டான்." எழும்பிப் போகும்போது, "ஐயாவுக்கு இதெல்லாம் என்னத்துக்கு அம்மா, சும்மா மனம் நோகும்" என்றார்.

தேத்தண்ணி குடிக்காமலே போனார். நல்லது, பால் திரைந்திருந்தது.

செப்டம்பர் 30

இவர் கிழமைக்கு இரண்டு தரம் ஜெயராஜா வீட்டுக்குப் போகிறார். அவன் தாய் மார்கிறட்டோடு இருந்து பேப்பர் வாசிப்பாராம். இன்று நான் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், "அண்டைக்கு அவன் பாலத்தடிக்குப் போனவனா இல்லையா? கேட்டீங்களா?"

"கேக்கல்ல."

"ஏன்?"

"அது என்ட கேள்வி இல்ல. கேட்டா, போகாட்டித்தான் உனக்காகப் பேசுவன் எண்டு சொன்ன மாதிரிப் போயிடும். போயிருந்தாலும் அது குற்றமில்ல எண்டுதான் நான் சொல்றன்."

கேட்காத மனிதனுக்கு நான் ஏன் சொல்லவேண்டும்? நினைக்க நினைக்கச் சிரிப்பு வருகிறது. ஒரு கேள்வி. ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான், இவர் நேரே என் முன்னால் வந்து நின்றிருப்பார். கேட்கமாட்டாராம். அது மரியாதையாம். இந்த மரியாதையாலேயே அந்தப் பையன் மறியற்சாலைக்குப் போகப்போகிறான்.

ஒக்டோபர் 19

சந்தையில் மீன்காரி எனக்கு மட்டும் நாறல் மீனைத் தூக்கிப் போட்டாள். "பொன்ஸ் வீட்டுக்கு இது காணும்" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். ஆம்பிளைக் கணக்கில் இல்லாதவனுக்கு ஊர் வைத்த ஏச்சு அது, என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள். கூடையை அப்படியே அவள் பலகையில் கவிழ்த்துவிட்டு வந்தேன். வீட்டில் இவருக்கு வெறும் பருப்பு. சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். எருமை!

நவம்பர் 14

தீர்ப்பு.

நான் போயிருக்கக்கூடாது. பீற்றிஸ் துணைக்கு இழுத்தாள். கோட்டில் பெண்கள் இருக்கும் வாங்கில் எங்கள் மாதா சபை பாதி வந்திருந்தது, திருநாள் மாதிரி. ஜெயராஜா தான் தைத்த வெள்ளைச் சட்டையில் நின்றான். ஊரிலே நல்ல சட்டை போட்டு வந்தவன் அவன் ஒருவன்தான்.

"அன்று மாலை எங்கே இருந்தீர்?"

"ஒரு வீட்டில வேலையா நிண்டன், ஐயா."

"யாருடைய வீடு?"

அவன் கண் எங்கள் வாங்குப் பக்கம் வந்தது. ஒவ்வொரு முகமாகத் தாண்டி வந்தது. என் முகத்தையும் மற்ற முகங்களைப் போலவே தாண்டிப் போனது, ஒரு கணம்கூட நிற்கவில்லை.

"சொல்ல ஏலாது, ஐயா."

பதினெட்டு மாதம் கடூழியம். மார்கிறட் கத்தவில்லை. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அப்படியே வாங்கில் சரிந்தாள். வெளியே பொடியன்கள் ஊளையிட்டார்கள், வண்டிக்குள் ஏற்றும்போது ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் முழுகினேன்.

நவம்பர் 16

இன்று பொழுது சாயும்போது இவர் குசினி வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"மக்டலின், இந்த ஊரில எனக்குப் பக்கத்தில நிண்டது நீ ஒருத்திதான். சாணி கழுவினாய், ஏச்சுக் கேட்டாய், ஒரு நாளும் என்னை மறிக்கல்ல. இதை நான் மறக்க மாட்டன்."

என் கையைப் பிடித்துக் கும்பிடுவதுபோல் வைத்துக்கொண்டார். வெங்காயம் உரித்த கை. நான் விடுவித்துக்கொண்டு சட்டியைக் கிளறினேன். ஏதாவது சொல்லு, ஏதாவது சொல்லு என்று உள்ளே ஒன்று கிடந்து அடித்தது. "உப்புக் காணுமா பாருங்க" என்றேன்.

டிசம்பர் 3

சொல்லிவிட்டேன்.

எப்படி என்றால்… கோபம். வேறென்ன. அப்பீல் தவணை போன கிழமையோடு முடிந்துவிட்டது. பஸ்தியாம்பிள்ளை கடதாசியை இழுத்தடித்து முடித்துவிட்டார். இவர் மண்டபத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு திரும்பத் திரும்ப அதே பாட்டு. சட்டம் பிழை, சட்டம் பிழை. அடுத்த சபைக் கூட்டத்திலும் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். அதற்கு நான் கைப்பட இங்கிலீசில் எழுதித் தரவேண்டுமாம், என் எழுத்து வடிவாம்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "சட்டம், சட்டம், சட்டம்! அவன் அண்டைக்குப் பாலத்தடியில நிக்கல்ல! இஞ்ச நிண்டவன்! இந்த அறைக்குள்ள, என்ட காலடியில, நாடா புடிச்சிட்டு! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் வீட்ட வந்திருப்பான். நீங்க ஊரெல்லாம் பேசினீங்க. நான் பேசல்ல. இப்ப போய்ப் பேசுங்க!"

சொல்லும்போது ருசியாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். நாலு மாதம் இந்த மனிதன் நல்லவனாக நடந்து திரிந்ததற்கு ஒரே மூச்சில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

இவர் சத்தம் போடவில்லை. கையோங்கவில்லை. அடித்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கடைசியில், "நான் அவனைக் கேக்கல்லையே" என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. தன்னைத்தான் சொன்னார்.

டிசம்பர் 5

"வந்து சொல்லு, மக்டலின். இப்ப சொன்னாலும் ஏதும் செய்யலாம்."

"மாட்டன்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. தனியே பொலிசுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். புருசன் கிரானில் நின்றவர், அவர் கண்டவரில்லை, பெண்சாதி பிறக்கிராசியிடம் செவ்வாய் என்றிருக்கிறாள், போங்கள் ஐயா என்று அனுப்பிவிட்டார்களாம். இனிப் பின்னறையில் படுக்கிறார்.

1968 ஜனவரி 6

இன்று இவருடைய நத்தார். ஆர்மேனியக்காரருக்கு இன்றுதான் பாலன் பிறக்கிறார். வருசா வருசம் இரண்டு தரம் பலகாரம் சுட்டு அலுத்த நான் இந்த வருசம் ஒரு தரம்தான் சுட்டேன். இவர் பாண் துண்டொன்றை வாங்கிக்கொண்டு மார்கிறட் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 21

கொமிற்றி வந்தது. பஸ்தியாம்பிள்ளை, கனகசிங்கம், இன்னும் இரண்டு பேர். கனகசிங்கம் நெல்லு மில்லுக்காரர், அவர் வாயால் ஒரு சொல் விழுந்தால் அவர் குடி முழுக்க அந்தப் பக்கம் சாயும்.

இவருக்குத்தான் ஏதோ சொல்ல வந்திருக்கிறார்கள் என்று கோப்பி கொண்டுபோனேன். என்னை இருக்கச் சொன்னார்கள்.

"தங்கச்சி, இந்த முறை நீங்கதான் நிக்கவேணும்" என்றார் கனகசிங்கம். "ஐயாவுக்கு இனி ஒரு வோட்டும் விழாது. எங்கட பக்கத்து ஆளைப் போட்டா அந்தக் குடி விடாது, அந்தப் பக்கத்தைப் போட்டா எங்கட குடி விடாது. ஆரத்தூன் எண்ட பேர் ரெண்டு பக்கத்துக்கும் சரி. மாதா சபைப் பொம்பிளையள் முழுக்க உங்கட பக்கம். அந்தக் கழிசடையிட அங்கியப் பிரிச்சுப் போட்டது நீங்கதானே, ஊருக்கே தெரியும்."

பஸ்தியாம்பிள்ளை என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

ஓம் என்றேன். ஏன் மாட்டேன் என்று சொல்லவேண்டும்? பதினைந்து வருசம் அந்த மனிதனின் கூட்டங்களுக்குக் கோப்பி ஊற்றியிருக்கிறேன். யார் எந்தக் குடி, யாருக்கு யார் மச்சான், எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எல்லாம் அவரைவிட எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 12

நியமனப் பத்திரம் கொடுத்தேன். எனக்குக் கதிரைச் சின்னம். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் என் புருசன். குடைச் சின்னம், சுயேச்சை. முன்மொழிந்தவள் மார்கிறட். ஊர் வயிறு நோகச் சிரிக்கிறது.

வீட்டுக்கு வந்து, "என்னை வெக்கப்படுத்தவா?" என்று கேட்டேன்.

"இல்ல. மேடையில ஏறிச் சட்டத்தைப் பத்திப் பேச எனக்கு வேற வழியில்ல."

"அந்தப் புதன்கிழமையைப் பத்திச் சொல்லப்போறீங்களா?"

"தேர்தலுக்கு முந்திச் சொன்னா வோட்டுக்காகச் சொன்னதெண்டு ஆயிடும். அவன்ட உண்மையை வச்சு நான் வோட்டுக் கேக்க மாட்டன்."

பாருங்களேன் இந்த மனிதனை. கத்தியைக் கையில் கொடுத்தாலும் பிடியை எனக்குத் திருப்பித் தருவார்.

மார்ச் 3

இவருடைய கூட்டம் தபாற்கந்தோருக்கு முன்னால். கேட்டவர்கள் மார்கிறட்டும் நாலு ஆடும். பிறகு கல் விழுந்தது. நெற்றியில் காயத்தோடு வந்தார். மருந்து நான்தான் போட்டேன், எரியட்டும் என்று நிறையவே போட்டேன். அப்போதும் "தாங்ஸ்" என்றார்.

மார்ச் 23

வென்றுவிட்டேன். வட்டாரத்தில் இதுவரை ஒருவருக்கும் விழாத வோட்டு. குடைக்கு விழுந்ததை அறிவித்தபோது மண்டபம் விசிலடித்தது. ஒரு கலியாண வீட்டுப் பந்திக்கும் காணாது.

தோற்றவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். இவர் எழும்பினார். தேர்தல் அதிகாரிக்கு நன்றி சொன்னார், எனக்கும் வாழ்த்துச் சொன்னார். பிறகு சொன்னார்.

"ஒரு விசயம் இருக்கு. வோட்டு முடிஞ்சுது, இனி இதால எனக்கு ஒரு லாபமும் இல்ல. மறியல்ல இருக்கிற ஜெயராஜா அந்தப் புதன்கிழமை பாலத்தடியில நிக்கல்ல. என்ட வீட்டில நிண்டவர். என்ட மனிசிக்கு அளவெடுத்திட்டு. இதை எனக்குச் சொன்னது அவவேதான்."

முடிந்தது, எல்லாம் முடிந்தது, இந்த மண்டபம் எழும்பி என்னைக் கிழிக்கப்போகிறது என்று கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். கனகசிங்கம் கையைத் தட்டி, "சரி சரி ஐயா, இறங்குங்க. டேய், மாலையக் கொண்டாங்கடா" என்றார். எனக்கு மாலை போட்டார்கள். வெடி கொளுத்தினார்கள். இவர் மேடையில் இன்னும் நின்றுகொண்டிருந்தார், ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மார்ச் 24

பலகாரத் தட்டோடு மாதா சபை வந்தது. ஒருத்தியாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "நேத்து இவர் சொன்னது…" என்று தொடங்கினேன்.

"அதை விடுங்க கா" என்றாள் பீற்றிஸ், தொதலைக் கடித்துக்கொண்டு. "அண்டைக்கு அவன் உங்கட கேற்றால போனதை நான் கண்டனான்தானே. அடுத்த நாள் நான் வந்தப்ப நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்தன். நீங்க சொல்லல்ல. மறுகா நான் ஏன் சொல்லப்போறன்?"

பிறக்கிராசியின் பெண்சாதி சிரித்தாள். "எங்கட வீட்டையும் வந்து அளவெடுத்தவன்தானே. இதில வெக்கம் என்ன இருக்கு?"

வெட்கம் ஒன்றும் இல்லையாம்.

அப்படியென்றால் நான் யாருக்குப் பயந்தேன்? அன்று கோட்டு வாங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் எழும்பியிருந்தால் அவர்களும் எழும்பியிருப்பார்கள். எழும்பியிருப்பார்களா? என் வாயை அவர்கள் பார்த்திருந்தார்கள், அவர்கள் வாயை நான் பார்த்திருந்தேன், அவன் எல்லோரையும் பார்த்துவிட்டுச் சொல்ல ஏலாது என்றான். கடவுளே. ஒரு சாமானும் உடைந்திருக்காது. ஒரு கூந்தல்முடி விழுந்திருக்காது. என் மானம் என்று நான் கட்டிக் காத்ததை இந்த ஊர் தொதலோடு சேர்த்து விழுங்கிவிட்டது.

தட்டு காலியானதும் போனார்கள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன்.

ஏப்ரல் 2

சத்தியப்பிரமாணம். பஸ்தியாம்பிள்ளை மூலம் உண்மையை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தால் என்ன, பதவியும் கையில் இருக்கிறது, ஒரு அமைச்சரைப் பிடித்தால் என்ன என்று முழுப்பொழுதும் யோசித்தேன். மாலையில் அவரிடமே கேட்டேன்.

"செய்யலாம் அம்மா. உண்மையை மறைச்ச குத்தத்துக்கு முதல்ல உங்கள விசாரிப்பாங்க. சீற்றும் போகும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 9

இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மலைப்படத்தையும் எடுத்துக்கொண்டார். மார்கிறட்டுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம், தண்ணீர் அள்ளவும் ஆளில்லையாம். "அவன் வரும் வரைக்கும்" என்றார். நான் மறிக்கவில்லை.

மே 20

யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தண்ணீர்க் குழாய் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

யூன் 11

குழாய் வேலை பார்க்கச் சபை வாகனத்தில் போனேன். ஜெயராஜாவின் கடை திறந்திருந்தது. இவர் உள்ளே இருக்கிறார். தைக்கத் தெரியாது, சும்மா மெசினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டிக் கிடந்தால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தினம் வந்து திறந்து வைக்கிறாராம், ட்ரைவர் சொன்னான். சுவரில் கரியால் யாரோ ஏதோ எழுதியிருந்தார்கள், பாதி அழித்திருந்தது. வேட்டியில் எண்ணெய்க்கறை, மெலிந்துவிட்டார்.

வாகனம் மெதுவாகப் போனது, ரோட்டில் வெட்டிய குழி. இவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். எழும்பி நின்றார். அது அவர் பழக்கம், எந்தப் பெண் வந்தாலும் எழும்பி நிற்பார்.

நான் கையை உயர்த்தி அசைத்தேன். அவரும் வட்டாரத்தில் ஒரு வோட்டுத்தானே.